ரெட்டை கார்புரேட்டரா, ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனா? பெரியப்பாவின் அம்பாசடருக்காக நடந்த குடும்பப் பஞ்சாயத்து!

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் எங்கள் வீட்டில் ஏதாவது ஒரு பஞ்சாயத்து நிச்சயம். போன வருடம் நிலத்துப் பட்டா. அதற்கு முந்தைய வருடம், கல்யாணப் பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது என்பது. இந்த வருடம், திருச்சியில் இருக்கும் பெரியப்பாவின் அம்பாசடர்.

1972 மாடல், மார்க் 2. எங்கள் வீட்டில் பிறந்த எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அந்த கார் பின்சீட்டில்தான், நான் உட்பட. பெரியப்பாவுக்கு இப்போது 71 வயது. காருக்கு அவரைவிடக் கொஞ்சம்தான் இளமை.

தீபாவளி முடிந்த வாரத்தில் நடந்தது இது. சமயபுரம் போய்விட்டுத் திரும்பும்போது, பின்சீட்டில் இருந்த அண்ணன் மகள் "தாத்தா, பெட்ரோல் வாசனை வருது" என்றாளாம். பெரியப்பா ஓரங்கட்டி பானெட்டைத் திறந்திருக்கிறார். கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்து, பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. அம்பாசடரின் பழைய பெட்ரோல் இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம்தான், ஒன்றின் கீழ் ஒன்று. சொட்டு விழுந்த இடத்துக்கும் கொதிக்கும் இரும்புக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி.

அன்றிலிருந்து அண்ணன் ஒரே பிடியாக நிற்கிறான். "இந்த கார்புரேட்டரே வேணாம்பா. ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் மாத்திடுங்க. சாவியைத் திருப்பினா ஸ்டார்ட் ஆகணும். அப்படின்னா உங்களுக்கப்புறம் நான் வெச்சுக்கிறேன். இல்லைன்னா என்னால முடியாது, வித்துடலாம்."

'உங்களுக்கப்புறம்' என்ற வார்த்தை விழுந்ததும் பெரியம்மா சமையலறைக்குள் போய்விட்டார். பெரியப்பா பதிலே பேசாமல் பரணில் ஏறி, தினத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை இறக்கினார். உள்ளே இரண்டு எஸ்.யூ கார்புரேட்டர்கள், மேனிஃபோல்டோடு. 1989-ல் சென்னை புதுப்பேட்டையில் வாங்கியதாம். ஏதோ பழைய எம்.ஜி ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து கழற்றியது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். "மாத்தணும்னா இதை மாத்துவோம்" என்றார் பெரியப்பா.

ஒருவருக்கு ரெட்டை கார்புரேட்டர், இன்னொருவருக்கு இன்ஜெக்‌ஷன். 'நீதான் ரிப்போர்ட்டராச்சே, விசாரிச்சுச் சொல்லு' என்று பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது. விசாரித்ததை இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன். பழைய காரோ, பழைய பைக்கோ இருக்கிற எல்லா வீடுகளிலும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும்.

அம்பாசடருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன சொந்தம்?

பெரியப்பா சொன்னபோது நானும் சிரித்தேன். ஆனால், சொந்தம் உண்மை. அம்பாசடரின் 1,489 சி.சி பெட்ரோல் இன்ஜின், இங்கிலாந்தின் பி.எம்.சி நிறுவனம் உருவாக்கிய 'பி சீரிஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது. 1955-ல் வந்த எம்.ஜி.ஏ என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே குடும்பத்தின் 1,489 சி.சி இன்ஜின்தான். நம் வண்டியில் ஒரு எஸ்.யூ கார்புரேட்டர், சுமார் 50 குதிரைத்திறன். எம்.ஜி.ஏ-வில் இரண்டு எஸ்.யூ, ஆரம்பத்தில் 68 குதிரைத்திறன்.

'அப்போ இன்னொரு கார்புரேட்டர் போட்டால் 18 குதிரை கூடிவிடுமா?' என்று கேட்காதீர்கள். நானும் கேட்டு, பாலக்கரையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் பாயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பாப்பா, அந்த வண்டிக்கு ஹெட் வேற, வால்வு வேற, கேம் ஷாஃப்ட் வேற. மூக்கை மட்டும் பெருசாக்கிட்டா ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சுட முடியுமா?"

ரெட்டை கார்புரேட்டர் மட்டும் போட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி இன்னும் சுறுசுறுப்பாக எழும். மேல் வேகத்தில் மூச்சு முட்டுவது குறையும். அவ்வளவுதான். அதோடு, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் இருக்கும் காரில் வேகத்தைக் கூட்டுவதற்கு முன்னால் பிரேக்கைப் பார்க்க வேண்டும்.

காதால் ட்யூன் செய்யும் இயந்திரம்

எஸ்.யூ என்பது 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம். செருப்பு, ஷூ வியாபாரம் செய்த ஸ்கின்னர் குடும்பத்துச் சகோதரர்கள் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. ஆரம்பகால எஸ்.யூ-வில் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்தி இருந்ததாம். குடும்பத் தொழிலை விடவில்லை பாருங்கள்!

இது வேலை செய்யும் விதம் எளிது. இன்ஜின் காற்றை இழுக்க இழுக்க, உள்ளே ஒரு பிஸ்டன் மேலே எழும்பும். அதன் அடியில் ஒரு ஊசி. நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும் ஊசி. பிஸ்டன் எழும்பினால் ஊசியும் எழும்பும், ஜெட் துவாரத்தில் இடைவெளி கூடும், அதிகப் பெட்ரோல் வரும். காற்று எவ்வளவோ, அதற்குத் தகுந்த பெட்ரோல். மின்சாரமே வேண்டாம்.

இரண்டு எதற்கு? நம் இன்ஜினில் சிலிண்டர் நான்கு. ஆனால், ஹெட்டில் காற்று நுழையும் வழி இரண்டுதான். 1, 2-க்கு ஒன்று, 3, 4-க்கு ஒன்று. ஒற்றை கார்புரேட்டர் நடுவில் உட்கார்ந்து இரண்டு வாசலுக்கும் பங்கு பிரிக்கும். இரட்டையாக இருந்தால் வாசலுக்கு ஒன்று, நேராக ஊட்டும். ஜாகுவார் ஈ-டைப்பில் மூன்று எஸ்.யூ இருந்ததும், நம் ஊர் ராஜ்தூத் 350 பைக்கில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு இருந்ததும் இதே காரணத்துக்குத்தான்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று கூடவும் ஒன்று குறையவும் இழுத்தால், ஐடிலிங்கில் வண்டி உதறும், பெட்ரோல் தண்ணீராய்ப் போகும். இதைச் சரிசெய்ய அளவுக் கருவி உண்டு. ஆனால், பாய் போன்றவர்கள் ஒரு முழ ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதிலும் மறு முனையை கார்புரேட்டர் வாயிலும் வைப்பார்கள். 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தம் இரண்டிலும் ஒன்றாக வரும்வரை ஸ்க்ரூவைத் திருப்புவார்கள்.

பிறகு கலவை. பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அளவுக்கு லேசாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு நொடி கூடி மறுபடி பழைய நிலைக்கு வந்தால் சரி.

சொல்ல மறந்துவிட்டேனே. பெரியப்பாவுக்கு மூன்று வருடமாக இடது காது சரியாகக் கேட்பதில்லை. வலது காதில் மெஷின். இதை அண்ணன் பஞ்சாயத்தில் சொல்லவில்லை. ஆனால், எல்லோருக்கும் தெரியும்.

இன்ஜெக்‌ஷன் வந்தால் என்னென்ன கூட வரும்?

இன்ஜெக்‌ஷன் ஏதோ நேற்று வந்த சங்கதி இல்லை. 1954-லேயே மெர்சிடீஸ் 300 எஸ்.எல் சாலை காரில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சினார்கள். அதற்கு முன் வந்த அதன் ரேஸ் மாடலில் மூன்று கார்புரேட்டர்கள்! நம் ஊரில் 2000-ம் ஆண்டு வாக்கில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது மாருதி 800 போன்ற கார்கள் கார்புரேட்டரைக் கைவிட்டன. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 வந்ததும் பைக், ஸ்கூட்டர்களும் இதே வழிக்கு வந்தன.

இதன் பலம், தானாகவே திருத்திக்கொள்வது. எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், கலவை சரியா என்று முகர்ந்து சொல்லும். ஈ.சி.யூ என்கிற கணினிப் பெட்டி உடனே பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் வண்டி அங்கே கறுப்பாகப் புகைவிட்டுத் திணறும். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு மலையும் தரையும் ஒன்றுதான். மே மாத வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்று, பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் அதிக அழுத்தத்தில் வருவதால் அந்தத் தொல்லையும் குறைவு.

அந்த 'அதிக அழுத்தம்'தான் அண்ணன் கவனிக்காத விஷயம். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் சுமார் 0.2 பார் அழுத்தத்தில் வந்தால் போதும். வழக்கமான இன்ஜெக்‌ஷனுக்கு சுமார் 3 பார், அதாவது 15 மடங்கு. கார்புரேட்டர் ஹோஸ் வெடித்தால் சொட்டும். இன்ஜெக்‌ஷன் ஹோஸ் வெடித்தால் பீய்ச்சி அடிக்கும். பழைய ஹோஸையும் பழைய கிளிப்பையும் வைத்துக்கொண்டு இன்ஜெக்‌ஷன் போடுவது, தீக்குப் பயந்து தீயை மடியில் கட்டிக்கொள்வது.

ஆகவே இன்ஜெக்‌ஷன் என்றால் ஒரு பொருள் இல்லை, ஒரு குடும்பமே வரும். எலெக்ட்ரிக் பம்ப், அழுத்தம் தாங்கும் குழாய்கள், மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப ஒரு தனி வழி, சென்சார்கள், ஈ.சி.யூ, விபத்து நடந்தால் பம்ப்பை அணைக்கும் சுவிட்ச். பழைய டைனமோவால் இத்தனைக்கும் மின்சாரம் தர முடியாது. ஆல்டர்னேட்டர் போட வேண்டும். 50 வருட வயரிங்கையும் மாற்றியாக வேண்டும்.

நம் இன்ஜினுக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. இரண்டு சிலிண்டருக்கு ஒரு வாசல் என்றேன் அல்லவா? வாசலில் இன்ஜெக்டர் வைத்துப் பீய்ச்சினால், பக்கத்து சிலிண்டரின் பங்கை இன்னொன்று இழுத்துக்கொள்ளும். இதே மாதிரி வாசல் உள்ள ஹெட்தான் பழைய மினி காரிலும். 1991-ல் மினிக்கு வந்த இன்ஜெக்‌ஷனில், கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஒரே ஒரு இன்ஜெக்டர்தான் வைத்தார்கள். வாசலுக்கு ஒன்றாக, நேரம் பார்த்துப் பீய்ச்சும் முறை 1996-ல்தான் வந்தது. கார் கம்பெனியே அவ்வளவு யோசித்த வேலையை நம் ஷெட்டில் செய்வதென்றால், அம்பாசடருக்கு ஒற்றை இன்ஜெக்டர் முறைதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அதற்கும் லேப்டாப் வைத்து ட்யூன் செய்யத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உண்மையான எதிரி வேறு!

ஹோஸ் ஏன் வெடித்தது? பாய் அதை வளைத்துக் காட்டினார். உள்பக்கம் ஊறி, மாவு மாதிரி உதிர்ந்தது. வயசாகிப்போன பழைய ரப்பர், அதோடு இ-20 பெட்ரோல். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். பழைய கார்களின் ரப்பர், டயாஃப்ரம், கேஸ்கெட்டுகள் எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அது நல்லதல்ல.

கலவைக் கணக்கும் மாறும். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். இ-20-க்கு சுமார் 13.5 போதும். அதாவது, அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் அதிகப் பெட்ரோல் தர வேண்டும். சென்சார் உள்ள இன்ஜெக்‌ஷன் இதைத் தானாகச் செய்யும். எஸ்.யூ-வில் நாம்தான் ஜெட்டின் நட்டைத் திருப்பி இறக்க வேண்டும், தேவைப்பட்டால் ஊசியை மாற்ற வேண்டும். செய்யாவிட்டால் இன்ஜின் சூடாகும், இழுவை குறையும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் செலவு, எத்தனால் தாங்கும் ஹோஸ்கள், புது கிளிப்புகள், டயாஃப்ரம். வண்டியில் ஒரு தீயணைப்பான். இது பத்தோடு பதினொன்று என்று ஒதுக்கிவிடக் கூடிய வேலை அல்ல.

ஆர்.டி.ஓ என்ன சொல்வார்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் கை வைப்பதற்கு முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, 50 வயது கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். ஆனால், இன்ஜினிலோ பாடியிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. இன்னொன்று, வின்டேஜாகப் பதிவு செய்துவிட்டால் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். வாராவாரம் சமயபுரம் போக முடியாது. எங்கள் பெரியம்மா இதைக் கேட்டதும் அந்தப் பேச்சை அத்தோடு முடித்துவிட்டார்.

எது செய்தாலும், கழற்றிய பழைய பாகங்களைத் துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் பத்திரமாக வையுங்கள். நாளை பழையபடி மாற்ற வேண்டுமானால் அந்தப் பெட்டிதான் கைகொடுக்கும்.

பாய் கேட்ட மூன்று கேள்விகள்

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பாய் மூன்றே கேள்விகள் கேட்டார். உங்கள் வீட்டு வண்டிக்கும் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. வண்டி எவ்வளவு ஓடும்? தினமும் ஓட வேண்டும், மலை ஏற வேண்டும், யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்ட வேண்டும் என்றால் இன்ஜெக்‌ஷன். மாதம் இரண்டு முறை, விசேஷ நாட்கள் என்றால் கார்புரேட்டர் போதும்.

2. நடுரோட்டில் நின்றால் யார் பார்ப்பார்கள்? கார்புரேட்டரை ஸ்க்ரூடிரைவரும் ஸ்பேனரும் வைத்து ஓரளவு சரிசெய்து வீடு வந்துவிடலாம். ஈ.சி.யூ கோளாறு என்றால் வண்டியைக் கட்டித்தான் இழுத்து வர வேண்டும். ஆனால், கார்புரேட்டரைப் பார்க்கத் தெரிந்தவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள் என்பதும் உண்மை.

3. கோளாறு நிஜமாகவே கார்புரேட்டரில்தானா? தேய்ந்த பாயின்ட், பழைய கண்டென்சர், டைமிங் பிசகு எல்லாமே கார்புரேட்டர் கோளாறு போலவே நடிக்கும். முதலில் இக்னிஷனைச் சரிபாருங்கள்.

ஒற்றை கார்புரேட்டர் நன்றாக ஓடுகிறது, உங்களுக்கும் அது போதும் என்றால், எதையும் மாற்றாமல் இருப்பதும் ஒரு நல்ல முடிவுதான். பாய் அதையும் சொன்னார். ஒரு மெக்கானிக் தனக்கு வரும் வேலையை வேண்டாம் என்று சொன்னால் நம்பலாம்.

தீர்ப்பு என்ன?

என் தீர்ப்பை இப்படித்தான் சொன்னேன். "அண்ணா, நீ கேட்கிறது பாதுகாப்பு. அதை இன்ஜெக்‌ஷன் மட்டும் தராது, நல்ல ஹோஸும் பிரேக்கும் தரும். பெரியப்பா, நீங்க கேட்கிறது உங்க 1989 ஆசை. தப்பில்லை. ஆனா, அதைக் கேட்டு ட்யூன் பண்ண ஒரு காது வேணும்."

கூடம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு பெரியப்பா அண்ணனைப் பார்த்துச் சொன்னார். "நீ கத்துக்கிட்டா போடுவோம். இல்லைன்னா இந்தப் பொட்டலம் பரணுக்கே போகட்டும். நீ சொல்ற பெட்டியையே போட்டுக்கோ. வண்டி வீட்டை விட்டுப் போகாம இருந்தா சரி."

அந்தக் கடைசி வாக்கியத்தை அண்ணன் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். மறுநாளே ஹோஸ், கிளிப், வீல் சிலிண்டர் எல்லாம் வாங்கி வந்தான். ஆர்.டி.ஓ அலுவலகத்துக்கும் அவனே போய் விசாரித்து வந்தான். ரெட்டை எஸ்.யூ-வைப் பிரித்துச் சுத்தம் செய்ய பாய்க்கு இரண்டு வாரம் ஆனது.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் ஷெட்டில் இருந்தேன். அண்ணன் ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்திருந்தான். முதல் முறை வண்டி உதறி அணைந்தது. இரண்டாவது முறை ஒரு பக்கம் மட்டும் உறுமியது. மூன்றாவது முறை, இரண்டு கார்புரேட்டருக்கும் மாறி மாறிக் குழாயைக் கொண்டுபோய், வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். பெரியப்பாவால் அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாது. அவர் மட்கார்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

உதறல் நின்றது. பாய் குழாயை வாங்கி, இரண்டு பக்கமும் ஒருமுறை கேட்டுவிட்டு அண்ணனிடம் சொன்னார்.

"போதும் தம்பி. பானெட்டை மூடு."